கிட்டப் போய் நின்றால்தான் கணக்கு கிடைக்கும்

கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

உங்கள் லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யுசிஎல்ஏ-வில் தொழிலாளர் நிலையை ஆராயும் தொழிலாளர் மையம் போன்றவற்றைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு கேள்வி வரும்: "இது ஆராய்ச்சியா, தொழிலாளர்களுக்கு வக்காலத்தா?" இரண்டும் ஒட்டக் கூடாது என்பது கேட்பவர்களின் நினைப்பு. ஒட்டாமல் இந்த ஆராய்ச்சியே நடக்காது என்பது என் கட்சி.

2008-ல் லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோ, நியூயார்க் நகரங்களில் 4,387 குறைகூலித் தொழிலாளர்களிடம் கருத்துக் கேட்டார்கள். யுசிஎல்ஏ ஆய்வாளர்களும் அதில் இருந்தார்கள். குடியேற்ற ஆவணம் இல்லாதவர் எந்தப் பட்டியலில் இருப்பார்? முன்பின் தெரியாதவர் தொலைபேசியில் கேட்டால் முதலாளி பெயரைச் சொல்வாரா? அதனால் பேட்டி கொடுத்தவரே தனக்குத் தெரிந்தவர்களை அழைத்துவரும் முறையில் ஆய்வு நடந்தது. நம்பிக்கை இல்லாத இடத்தில் இது நடக்குமா? நால்வரில் ஒருவருக்கு முந்தைய வாரம் குறைந்தபட்ச ஊதியம்கூடக் கிடைக்கவில்லை என்பது அப்படித்தான் தெரிய வந்தது.

கூலித் திருட்டுக்கு, அதாவது முதலாளி தர வேண்டிய கூலியைத் தராமல் விட்டதற்கு, புகார் கொடுத்து ஜெயித்துவிட்டால் பணம் வந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2013-ல் தொழிலாளர் மையமும் ஒரு சட்ட அமைப்பும் சேர்ந்து அந்தக் கணக்கைப் பார்த்தன. 2008 முதல் 2011 வரை கலிஃபோர்னியாவில் தீர்ப்பு வாங்கியவர்களில் 17 சதவீதம் பேர்தான் ஏதாவது ஒரு தொகையைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். மற்றவர்கள் கையில் இருந்தது காகிதம். தீர்ப்பு வருவதற்குள் பல நிறுவனங்கள் கடையை மூடியிருந்தன. 2015-ல் வசூலுக்கு வலுவான சட்டம் வந்தது. முதலாளியையே தனிப்பட்ட முறையில் பொறுப்பாக்கவும் அது வழி செய்தது. தீர்ப்போடு வேலை முடிந்தது என்று ஆய்வாளர்கள் எழுந்து போயிருந்தால் அந்த 17 யாருக்குத் தெரிந்திருக்கும்?

மையத்தின் கட்டடத்துக்கு 2021-ல் ஜேம்ஸ் லாசன் பெயரைச் சூட்டினீர்கள். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டத் தலைவர்களில் ஒருவர்; 1950-களில் நாக்பூரில் இருந்துகொண்டு காந்தியின் அறப்போராட்ட முறையைப் படித்த மனிதர். அவர் பெயர்ப் பலகைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர்களிடம் தள்ளி நில்லுங்கள் என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

பதவி உயர்வுக்கு ஆய்விதழ்க் கட்டுரைகளை எண்ணுகிறீர்கள், சரி. கார் கழுவும் இடத்திலும் தையல் பட்டறையிலும் தொழிலாளர்களின் மொழியில் பேசிக் கழித்த மாதங்களையும் எண்ணுங்கள். அப்புறம், தீர்ப்புத் தொகையில் எவ்வளவு கைக்கு வந்தது என்று ஆண்டுதோறும் கணக்கெடுக்க இந்த மையங்களுக்கு நிரந்தர நிதி ஒதுக்குங்கள். மாநில பட்ஜெட் இறுகும்போதெல்லாம் அந்தக் கணக்கு நின்றுபோகக் கூடாது.

இப்படிக்கு,
கலிஃபோர்னியாவில் வரி கட்டும் ஒரு தமிழர்