சித்தப்பாவுக்குத் திதி கொடுத்துவிட்டேன்

அன்புள்ள சித்தி,

இந்த ஆடி அமாவாசைக்குப் பேரூர் போய், நொய்யல் கரையில், 1971 போரில் குக்ரி என்ற நம் கடற்படைக் கப்பலோடு கடலில் போன சித்தப்பாவுக்குத் திதி கொடுத்துவிட்டேன். உங்களைக் கேட்டிருக்க வேண்டும்தான். யார் மூலம் கேட்பது? ஆத்தா இருந்தவரை "உடம்பைக் காட்டுங்க, அப்புறம் எள்ளைத் தொடலாம்" என்று ஒரே பிடி. அப்பா அவள் பேச்சைத் தாண்டாதவர். இரண்டு பேரும் போன பிறகு, செய்யாமல் விட்ட காரியம் என்னிடம் வந்து நின்றது. செய்தேன்.

ஆத்தாவைப் பிடிவாதக்காரி என்று மட்டும் நினைத்துக்கொண்டுதான் போனீர்கள். ஒன்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போன பிறகு அந்த லைஃப் ஜாக்கெட் கதை எப்படியோ கேரள எல்லையில் இருக்கும் நம் வேலந்தாவளம் வரை வந்துவிட்டது. குக்ரியின் கேப்டன் மகேந்திரநாத் முல்லா தன்னுடைய ஜாக்கெட்டை ஒரு மாலுமியிடம் கொடுத்துவிட்டு, கப்பலோடு போய்விட்டார் என்று. அந்த மாலுமி தன் மகன்தான் என்று ஆத்தா முடிவுகட்டிவிட்டாள். 67 பேர் பிழைத்தார்கள் என்பதும் அவளுக்கு வசதியாகப் போயிற்று. அறுபத்தேழில் ஒன்று நம் வீட்டுக்கு இருக்காதா என்பாள். முல்லாவுக்கு மகாவீர் சக்ரா கொடுத்தார்கள், எனக்கும் அவர்மேல் பெரிய மரியாதை. ஆனால் அந்த ஜாக்கெட் எங்கள் வீட்டில் ஒரு கிழவியை சாகும்வரை திண்ணையில் உட்கார வைத்துவிட்டது.

கப்பல் போன விதத்தை உங்களிடம் யாராவது சொன்னார்களா? குக்ரியும் கிர்பானும் டையூவுக்கு அப்பால் பாகிஸ்தான் நீர்மூழ்கி ஒன்றைத் தேடிப் போயிருந்தன. ஒலியை வைத்து நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கிற புது சோனார் ஏற்பாடு ஒன்றைச் சோதிக்கத்தான் குக்ரி வேகத்தைக் குறைத்து ஓடியது என்று பின்னாளில் எழுதினார்கள். இவர்கள் தேடிய ஹங்கோர் அடியிலிருந்து இவர்களைப் பார்த்துவிட்டது. டார்பீடோ பட்டுச் சில நிமிஷம்தான், அதற்குள் கப்பல் முழுகிவிட்டது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் போய்விட்டார்கள். சித்தப்பாவுக்கு வேலை கப்பலின் கீழே, எஞ்சின் ரூமில்தானே. அதிக நேரம் இருந்திருக்காது சித்தி. இதை உங்களிடம் சொல்ல எனக்கு இத்தனை காலம் ஆயிற்று.

எனக்கு அந்த அட்லஸ்தான் ஞாபகம் வருகிறது. தந்தி வந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். 'காணவில்லை' என்றுதான் தந்தி சொன்னது, அதனால் உங்களைப் பொட்டு வைக்கவும் விடவில்லை, அழிக்கவும் விடவில்லை. மாட்டுக் கொட்டகைப் பக்கம் என்னைக் கூப்பிட்டு, "கண்ணு, உன்ற பள்ளிக்கூட மேப்புல டையூ இருக்குதான்னு பாரு" என்றீர்கள். கோவா, டாமன், டையூ மூன்றும் ஒரே யூனியன் பிரதேசமாக இருந்த காலம். குஜராத்துக்கு அடியில் ஒரு புள்ளி, கஷ்டப்பட்டுத்தான் கண்டுபிடித்தேன். நீங்கள் விரலை அதன்மேல் வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தீர்கள். அப்புறம் கடல் அங்கே எவ்வளவு ஆழம் என்று கேட்டீர்கள். வாத்தியார் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தேன்: கருநீலம் என்றால் ஆழம், வெளிர் நீலம் என்றால் ஆழம் குறைவு. டையூவைச் சுற்றி வெளிர் நீலம்.

"அப்படின்னா அவரு எந்திரிச்சு நின்னுருப்பாரு" என்றீர்கள். சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள்.

அந்தச் சிரிப்பைத்தான் ஆத்தா பார்த்தாள். என்ன பேச்சு என்று அவளுக்குத் தெரியாது. புருஷன் போன மாசமே பல்லைக் காட்டுகிறாள் என்று ஊர் முழுக்கப் போயிற்று. எட்டு வயதுப் பையனிடம் யாரும் சாட்சி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், ஆழம் குறைவு என்று நான் சொன்னதற்கு நீங்கள் சிரித்தீர்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். அது இன்னும் மோசமாகப் போயிருக்கும்.

அதற்கு மேல் நடந்ததை இங்கே எழுத மாட்டேன். பங்காளி வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள், உங்கள் பேரப் பிள்ளைகள் கண்ணிலும் படலாம். பென்ஷன் பணம் பற்றி யார் யாரோ என்னென்னவோ சொன்னார்கள். நான் சொன்னதில்லை, அவ்வளவுதான். நீங்கள் மறுபடி குடும்பம் அமைத்துக்கொண்டது சரிதான். சரி என்று சொல்ல நான் யார் என்பதும் தெரியும்.

ஆனால் பொள்ளாச்சி என்ன சீமையிலா இருக்கிறது? செக்போஸ்ட் தாண்டினால் பஸ். ஆத்தா செத்தபோது ஆள் அனுப்பினோம், வரவில்லை. அவள் கொடுமைக்காரியாகவே இருக்கட்டும். பிள்ளையைக் கடலில் விட்டவள்தானே அவளும்? சித்தப்பா யூனிஃபார்மில் எடுத்த ஒரே போட்டோவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். பேரூரில் படம் எதுவும் இல்லாமல், வெறும் பெயரைச் சொல்லித்தான் பிண்டம் வைத்தேன். கோபம் வந்தது. அப்புறம், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட வாழாதவர் வேறு எதை எடுத்துக்கொண்டு போவார் என்றும் தோன்றியது.

டிசம்பரில் டையூ போகிறேன். அங்கே மேட்டில், கடலைப் பார்த்தமாதிரி நினைவிடம் கட்டியிருக்கிறார்கள், கண்ணாடிக்குள் கப்பலின் மாதிரியும் உண்டு. குக்ரி என்று பெயர் வைத்த இரண்டாவது கப்பலையும், 2021இல் ஓய்வு கொடுத்தபின் அங்கேயே கொண்டுபோய் விட்டார்கள். கேரளத்திலிருந்து வேராவல் வரை நேர் ரயில் இருக்கிறது, அங்கிருந்து பஸ். உங்களுக்கு முழங்கால் வலி என்று கேள்விப்பட்டேன், கீழ் பெர்த் பார்த்துப் போடலாம். வருவதாக இருந்தால் நவம்பருக்குள் சொல்லுங்கள். இல்லையென்றால் போட்டோவை மட்டும் பேத்தியிடம் சொல்லி போனில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரிஜினல் உங்களிடமே இருக்கட்டும்.