யாருடைய பொருளை வாங்குவது? எங்கள் தெருச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எல்லோர் கையிலும் ஒரு தாளைக் கொடுத்தீர்கள். இடது பக்கம் ‘வாங்கலாம்’, வலது பக்கம் ‘வேண்டாம்’. இடது பக்கம் உள்நாட்டுக் கம்பெனிகள், வலது பக்கம் வெளிநாட்டுக் கம்பெனிகள் என்று வரிசையாகப் பெயர்கள். கையில் காசு புழங்காத காலத்தில், செலவழிக்கிற காசாவது நம் ஆட்களுக்குப் போகட்டும் என்கிறீர்கள். நல்ல எண்ணம்தான். அங்கேயே எழுந்து பேசியிருப்பேன். அதற்குள் டீ வந்தது, பேச்சு சாக்கடை அடைப்புக்குப் போய்விட்டது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். ஹமாம் சோப்பை ‘வாங்கலாம்’ பக்கம் போட்டிருக்கிறீர்கள். என் அம்மாவும் கடைசி வரை அதை நம்மூர் சோப்பு என்றே நினைத்திருந்தார். ஒரு காலத்தில் அது டாடா குழுமத்தின் டாம்கோ தயாரித்தது. 1993-ல் டாம்கோ இந்துஸ்தான் லீவரோடு இணைந்தபோது சோப்பும் கூடவே போய்விட்டது. இன்று அந்த லீவர் கம்பெனியின் பாதிக்கு மேற்பட்ட பங்குகள் லண்டன் யூனிலீவரிடம். அதற்காக அதை வலது பக்கம் மாற்றுங்கள் என்று சொல்ல வரவில்லை. அங்கே வேலை பார்ப்பதும் நம் பிள்ளைகள்தானே. முதலாளி எந்த ஊர்க்காரர் என்று பார்த்துக் கோடு போட்டால் இப்படித்தான் சிக்கலாகும்.

நான் மதுரை புதூர் தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிபாகம் செய்யும் ஒரு சின்ன யூனிட்டில் கணக்கு எழுதுகிறவன். என் கோடு வேறு இடத்தில் விழுகிறது. காலம் கெட்டுக் கிடக்கும்போது ஒரு கம்பெனி தன் சுமையை யார் தலையில் இறக்கி வைக்கிறது? நான் பார்ப்பது அதைத்தான்.

எங்களிடம் சரக்கு எடுப்பவை பெரிய கம்பெனிகள். 2006-ஆம் வருடத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி அவர்கள் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான் கெடு. தாண்டினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. படிக்க இனிக்கும். எங்கள் முதலாளி ஒரு நாளும் அந்த வட்டியைக் கேட்டதில்லை. கேட்டால் வட்டி வரும், அடுத்த ஆர்டர் வராது. கெடு தாண்டி வருடக் கடைசியிலும் நிலுவையில் நிற்கும் தொகையை அந்த வருடச் செலவாகக் கழிக்க முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த பிறகு, 2024 மார்ச்சில் மட்டும் சில பழைய பாக்கிகள் மளமளவென்று வந்து விழுந்தன. அதாவது பணம் இல்லாமல் இல்லை.

போன தீபாவளிக்கு நான்கு மாதப் பாக்கி நின்றது. எங்கள் போனஸ் இரண்டு தவணையானது, ஓவர்டைமும் நின்றது. நான் என்ன செய்தேன்? அண்ணாச்சி கடையில் பற்று எழுதச் சொன்னேன். அவர் காதில் செருகிய பேனாவை எடுத்து, நீள நோட்டில் என் பெயருக்குக் கீழே எழுதிக்கொண்டே, “இருக்கட்டும் சார், எங்க போகப் போறீங்க” என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது. கம்பெனி எங்கள் யூனிட்டுக்குப் பாக்கி, யூனிட் எனக்குப் பாக்கி, நான் அண்ணாச்சிக்குப் பாக்கி. நாடு முழுக்க விளம்பரம் கொடுக்கும் ஒரு கம்பெனிக்கு எங்கள் தெருமுனை மளிகைக் கடைக்காரர் வட்டியில்லாமல் கடன் கொடுத்துக் கொண்டிருந்தார்.

உங்கள் தாளில் அந்தக் கம்பெனி எந்தப் பக்கம் இருக்கிறது தெரியுமா? ‘வாங்கலாம்’ பக்கம். அசல் உள்நாட்டுக் கம்பெனி.

இன்னொன்று, எங்கள் வீட்டு பிஸ்கட் டப்பா. ஒரு பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டினால் முன்பெல்லாம் மூடி சரியாக உட்காரும். இப்போது அதே பாக்கெட்டைக் கொட்டினால் மேலே இரண்டு விரல் அகலம் காலி. விலை அதேதான், உறை அதேதான். என் மகள்தான் முதலில் கவனித்து, “கம்பெனி கொறிச்சுட்டு அனுப்புதுப்பா” என்றாள். விலையைக் கூட்டியிருந்தால்கூட எனக்குக் கோபம் வராது. கோதுமையும் எண்ணெயும் ஏறியது எனக்கும் தெரியும். அண்ணாச்சி பொன்னி அரிசி ஏறினால் மூட்டையைத் தட்டிக்காட்டி, “கிலோவுக்கு நாலு ரூபா கூடிருச்சு, வேணும்னா இந்த ரகத்த கால் கிலோ கொண்டுபோய்ப் பொங்கிப் பாருங்க” என்பார். முகத்துக்கு நேரே சொல்லி ஏற்றுகிறவருக்கும் சொல்லாமல் குறைக்கிறவருக்கும் வித்தியாசம் இல்லையா?

இதற்கு ஒரு வழி அரசாங்கமே வைத்திருக்கிறது. சில வருடங்களாகப் பாக்கெட்டுகளில் மொத்த விலையோடு ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்றும் அச்சிட வேண்டும். எறும்பு எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுத்தான் படிக்க வேண்டும். உங்கள் தாளுக்குப் பதில் இதை எல்லோருக்கும் காட்டிக் கொடுத்திருந்தால் கொஞ்சம் பிரயோஜனமாக இருந்திருக்கும்.

சரி, சின்னக் கடை எல்லாம் யோக்கியம் என்கிறேனா? இல்லவே இல்லை. அச்சிட்ட விலைக்கு மேல் ‘கூலிங் சார்ஜ்’ என்று இரண்டு ரூபாய் பிடுங்கும் கடை ஒன்றை எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அங்கே நான் போவதில்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஒரு தடவை போன் அடித்தும் சொல்லியாயிற்று. காய்கறிக்கு முடிந்தவரை அண்ணா நகர் உழவர் சந்தை. 1999-ல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையாகத் திறந்தது அதுதான். அங்கே காசு விளைவித்தவர் கைக்கே நேராகப் போகிறது, எனக்கும் விலை கட்டுப்படியாகிறது. ஆனால் மாதக் கடைசியில் பெரிய கடையில் தள்ளுபடிக்கு எண்ணெய் வாங்கியதும் உண்டு. அதைத் தப்பு என்று யாராவது சொன்னால் என் சம்பளச் சீட்டை அனுப்பி வைக்கிறேன்.

கூட்டத்தில் தலைவர், “காந்தி அரையாடை கட்டிய ஊர் இது” என்று முடித்தபோது கைதட்டினோம். 1921 செப்டம்பர் 22, மேலமாசி வீதி, எல்லாம் சரி. அதற்கு முன் ரயிலில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். மதுரைக்கு வரும் வழியில் கதர் உடுத்தச் சொன்ன காந்தியிடம், பெட்டியில் உடன் வந்த பயணிகள், கதர் விலை அதிகம், எங்களுக்குக் கட்டாது என்றார்கள். அவர் அவர்களைத் திட்டவில்லை. ‘வேண்டாம்’ பக்கம் போடவில்லை. தன் துணியைக் குறைத்துக்கொண்டார். நம் தாளோ, இழுத்துப் பிடித்துக் குடும்பம் நடத்தும் மூன்றாவது சந்துப் பெண்களிடம் போய், நீங்கள் வாங்கும் மலிவு சோப்புத் தூள் தேசத்துக்கு ஆகாது என்கிறது.

ஆகவே பட்டியலைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன். வேறு பட்டியல் போடுவதானால் கணக்கு எழுத நான் வருகிறேன். அதற்கு முன் ஒரு சின்ன வேலை. பொங்கல் விழாவுக்குப் பந்தல் போட்டவர் நேற்று அண்ணாச்சி கடையில் நின்றுகொண்டிருந்தார். சங்கத்திலிருந்து இன்னும் 4,500 ரூபாய் வர வேண்டுமாம். கேட்டால் அடுத்த வருடம் கூப்பிட மாட்டீர்களோ என்று பயப்படுகிறார். அவர் பெயருக்கு நேரேயும் அந்த நீள நோட்டில் ஒரு தொகை எழுதியிருக்கிறது.

இப்படிக்கு,
இரண்டாவது சந்தில் குடியிருக்கும் சந்தாதாரர்
(இந்த மாதச் சந்தா கட்டியாயிற்று)