கலுங்கு பாய்ந்த தேதி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கண்மாய்கள் (ஏரிகள்) வறண்டு கிடப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘பருவநிலை மாறி மழை குறைந்துவிட்டது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே என்று வருத்தமாக இருந்தது. காரைக்குடிக்கு அருகே எங்கள் பள்ளத்தூர்ப் பக்கம், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்து சீமைக்கருவேலம் மண்டினாலே போதும், நல்ல மழை பெய்தாலும் கண்மாய்க்குத் தண்ணீர் வந்து சேராது. காரணம் எது என்று பிரித்துப் பார்க்க மழைக் கணக்கும் வேண்டும், கண்மாய்க் கணக்கும் வேண்டும்.

என் அப்பச்சியை, அதாவது தகப்பனாரைப் பெற்ற ஐயா, வரவு செலவு எழுதிய பேரேட்டின் ஓரத்தில் ‘இன்று இரண்டு உழவு மழை’, ‘கலுங்கு பாய்ந்தது’ என்று குறித்து வைத்திருக்கிறார். உழவு மழை என்றால் நிலத்தை உழுகிற அளவுக்கு நனைக்கும் மழை; கலுங்கு என்றால் கண்மாய் நிரம்பியதும் மிகைநீர் வழிந்து வெளியேறும் இடம். உழவு மழையை மில்லிமீட்டரில் சொல்ல முடியாதுதான். ஆனால் கலுங்கு பாய்ந்த தேதி தேதிதானே! ஐப்பசியில் பாய்ந்ததா, மார்கழி வரை இழுத்ததா என்று வருடவாரியாகப் பார்க்கலாம்.

இந்திய வானிலைத் துறை 1875-லேயே தொடங்கியது. 1901 முதலான மழைத் தரவை நாடு முழுக்கக் கட்டம் கட்டமாகத் தொகுத்தும் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு கட்டம் சுமார் 25 கிலோமீட்டர் அகலம். காரைக்குடியில் கொட்டுகிற மழை தேவகோட்டையில் தூறலோடு நின்றுவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். அதனால் ஊர்ப் பதிவேடுதான் முக்கியம். போன வருடம் ஓர் அலுவலகத்தில் கேட்டபோது பின்னறையில் பழைய மழைப் பதிவேடுகளின் கட்டு ஒன்றைக் காட்டினார்கள். காலை 8.30 மணிக்கு அளந்த அளவு, அங்குலத்திலும் சென்ட்டிலும் (அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு), அழகான கையெழுத்தில். ஓரமெல்லாம் கரையான் அரித்திருந்தது. மனசு ஆறவில்லை.

2015-இல் வெள்ளம், அடுத்த ஆண்டே வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 சதவீதம் குறைவு. இப்படி ஏறி இறங்கும் மழையில் நிஜமான போக்கு தெரிய நீண்ட காலத் தரவு வேண்டும்; இயல்பளவைக் கணக்கிடவே 30 ஆண்டுத் தரவு தேவை. போக்கைக் கண்டறியும் மான்–கெண்டல் என்ற புள்ளியியல் சோதனையில் ஒவ்வோர் ஆண்டையும் பின்னால் வந்த எல்லா ஆண்டுகளோடும் ஒப்பிட்டு, கூடியது எத்தனை முறை, குறைந்தது எத்தனை முறை என்று எண்ணுவார்கள். அதற்கு முன்னால் மழைமானி எப்போது இடம் மாறியது, பக்கத்தில் மரம் வளர்ந்ததா, அங்குலம் எந்த ஆண்டு மில்லிமீட்டர் ஆனது என்பதெல்லாம் தெரிய வேண்டும். இல்லையென்றால் மரம் மழையை மறைத்ததால் வந்த குறைவை வானத்தின் தலையில் கட்டிவிடுவோம். வெப்பநிலைக்கும் இதே கதைதான். வெப்பமானிப் பெட்டியைச் சுற்றிக் கட்டடம் எழும்பினால் சூடு கூடத்தான் காட்டும்.

இந்தப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்க அழகப்பா பல்கலைக்கழக மாணவர்கள் முன்வந்தால் பெரிய உதவி. உங்கள் இதழும் கேட்டு எழுத வேண்டும். அப்புறம், வளவு வீட்டை, அதாவது முற்றம் வைத்த பழைய செட்டிநாட்டு வீட்டைப் பிரித்து விற்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பழைய பேரேடுகளை எடைக்குப் போடும் முன் ஐப்பசி, கார்த்திகைப் பக்கங்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பள்ளத்தூர்