எழுதி வாங்கு, மக்களே

நாகர்கோவில்
ஐப்பசி 22

அன்பு மக்களே,

போனில் கூப்பிட்டால் "சரிப்பா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். இங்கே மழை விடவில்லை. அனந்தனாறு சானலில் கரை முட்டத் தண்ணீர் போகிறது. அத்தைக்கு முட்டு வலி கொஞ்சம் பரவாயில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நீ ஸ்டேட்டஸில் போட்டிருந்த போஸ்டரைப் பார்த்தேன். பள்ளிப் பிள்ளைகள் நடிக்கும் நாடகத்துக்கு நீ செய்ததாமே. முப்பத்தைந்து வருஷமாக நோட்டீஸ் அடிக்கிறவன் சொல்கிறேன், நல்ல வேலை. ஓலைக் கிரீடம் வைத்துக்கொண்டு வாய் நிறையப் பாடுகிறாளே அந்தச் சின்னப் பிள்ளை, அந்தப் படம் ஒன்றே ஆளை நிறுத்திவிடும். பிரஸ்ஸுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். ஆனால் நாடகம் எந்த இடத்தில் என்று நானே தேட வேண்டியிருந்தது. வெள்ளைத் தரையில் இளமஞ்சள் எழுத்து, அதுவும் அடியில், கடுகு அளவில். கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸில் நாங்கள் முதலில் பார்ப்பது எந்த ஊர், என்றைக்கு, எத்தனை மணிக்கு, யார் வில்லிசை என்பதைத்தான். அம்மன் படம் எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதெல்லாம் அப்புறம். ஒரு தடவை கிழமை மாறிப்போய் ஆயிரம் நோட்டீஸையும் என் செலவிலேயே திரும்ப அடித்துக் கொடுத்தேன். நீ எழுதியதை நீயே புரூப் பார்க்காதே, வேறு ஒருவர் கையில் கொடு. இன்னொன்று, பிள்ளைகளின் படத்தைப் போடும் முன் அவர்கள் வீட்டாரிடம் கேட்டீர்களா? வாய்ச்சொல் போதாது, எழுதி வாங்க வேண்டும்.

அந்தப் பிள்ளைகளோடு நீ மேடையில் நிற்கிற படத்தையும் பார்த்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். மெலிந்திருக்கிறாய். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி விட்டிருக்கிறாய்.

பவுன் விலை ஏறிக் கிடக்கிறது. நகை என்பதே ஆபத்து அவசரத்துக்குத்தான் மக்களே. காலால் மிதித்து ஓட்டும் முதல் ட்ரெடில் அச்சு மெஷின் வாங்கியபோது உன் அம்மையின் வளையல் இரண்டும் கோட்டாறு கடையில் ஒன்றரை வருஷம் அடகில் கிடந்தன. அதை நாங்கள் குறைச்சலாக நினைத்ததில்லை, ஒருவருக்கொருவர் மறைத்ததும் இல்லை. அம்மை அந்தப் படத்தை இன்னும் பார்க்கவில்லை. நானும் காட்டவில்லை.

ஆனால் போன மாதம் நான் அனுப்பிய ஐயாயிரத்தை அரை மணி நேரத்தில் திருப்பி அனுப்பினாயே, அது எனக்குச் சங்கடமாகிவிட்டது. அப்பன் கொடுப்பதை வாங்கினால் என்ன கௌரவம் குறைந்துவிடும்? மூன்று மாதம்தான் இன்டர்ன்ஷிப் என்றாய். இது ஆறாவது மாதம். பெரியப்பா ஒரு கல்யாண வீட்டில் வைத்து, "இதுக்கா பிள்ளையை எம்.பி.ஏ. படிக்க வைத்தாய்?" என்று கேட்டார். "நம்ம ஒழுகினசேரி கலைவாணர் என்.எஸ்.கே. நாடகக் கொட்டகையில் சோடா விற்ற பையன்தானே, அங்கிருந்துதானே மேடை ஏறினார்?" என்று திருப்பிக் கேட்டேன். அவர் பேசவில்லை. உன்னை நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் தோன்றியது, சோடா விற்ற பையனுக்கும் அன்றன்றைக்குக் கையில் நாலு காசு கிடைத்திருக்குமே என்று.

ஸ்டைபண்ட் பற்றிக் கேட்டபோது, "அனுபவம்தான் இப்போதைக்குச் சம்பளம்" என்று உங்கள் ஆபீஸ் மேடம் சொன்னதாகச் சொன்னாய். அவரை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வாயெடுத்தேன். வரவில்லை. அது நான் சொன்ன வார்த்தை மக்களே.

1994-ல் குழித்துறைப் பக்கமிருந்து ஒரு பையன் பிரஸ்ஸுக்கு வந்தான். பதினேழு வயசு. அச்செழுத்து போட்டு வைக்கும் கேஸில் எந்தக் குழியில் எந்த எழுத்து என்று பத்தே நாளில் அவன் கைக்குப் பழகிவிட்டது. கொடைக் காலத்தில் வரி கொடுத்தவர்கள் பெயர் முழுவதையும் ராத்திரி உட்கார்ந்து அவன்தான் கோப்பான். சம்பளம் என்று ஒன்றும் கொடுக்கவில்லை. ஊருக்குப் போகும்போது பஸ்ஸுக்குக் கொடுப்பேன். "தொழில் படிக்கிறாய் அல்லவா, அதுதான் கூலி" என்பேன். பழகுகிறவர்களுக்கு உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்று 1961-லேயே அப்ரண்டிஸ் சட்டம் வந்தாயிற்று. நம் பிரஸ்ஸுக்கு அது பொருந்துமா என்று நான் விசாரித்துக்கூடப் பார்க்கவில்லை. மத்தியானம் நான் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தால் அவன் எழுந்து வெளியே போவான். தெருக்குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "சாப்பிட்டாச்சு அண்ணாச்சி" என்பான். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் நான் சாப்பிட்டேன்.

பதினான்காவது மாதம் ஒரு நாள் அவன் வரவில்லை. எழுத்துக் கோக்கிற அவனுடைய ஸ்டிக்கை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, பழைய நோட்டீஸில் பொதிந்து மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தான். பிறகு ஒரு தடவை மீனாட்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துக் கும்பிட்டான். நான் பஸ்ஸில் போர்டு பார்க்கிறவன் போலத் திரும்பிக்கொண்டேன். இதை உன் அம்மையிடம்கூட நான் சொன்னதில்லை.

வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் உன் குரல் பழையபடி ஆகிவிடுகிறது, அது எனக்குத் தெரிகிறது. ஆனால் எழுதி வாங்கு. இன்னும் எத்தனை மாதம், மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில், பஸ் செலவு யாருடையது, எல்லாவற்றையும் எழுதி வாங்கு. போஸ்டரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதோடு விடாதே. அதைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வை. மேடத்திடம் பேசப் போகும்போது அந்த நோட்டு கையில் இருக்கட்டும். அந்தப் பையன் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று இத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கொடுத்திருப்பேனா என்று இப்போது நிச்சயமில்லை. இருந்தாலும் நீ கேள்.

பழைய கணக்கு நோட்டில் அவன் ஊர்ப் பெயர் இருந்தது. திங்கட்கிழமை பஸ் ஏறிப் போய் விசாரிக்கலாம் என்றிருக்கிறேன்.

எதிர்வீட்டு மாமி சனிக்கிழமை கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் கிளம்புகிறார். ஞாயிறு காலை தாம்பரத்தில் இறங்குவார், போய்ப் பார். நேந்திரங்காய் வற்றல், முந்திரிக்கொத்து, ஒரு சீப்பு மட்டிப்பழம் கொடுத்து விடுகிறோம். பழத்தை இரண்டு நாளில் தின்றுவிடு, தாங்காது. முந்திரிக்கொத்து டப்பாவின் அடியில் ஒரு கவர் இருக்கும். அதைத் திருப்பி அனுப்பாதே.

அப்பா