சம்பளம் உயர்ந்தது, இ.எஸ்.ஐ. போகிறது

ஆசிரியருக்கு,

பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் கணவர் ஒருவர் சம்பளத்தில்தான் மாமியார், மகள் உட்பட நாங்கள் நால்வரும் பிழைக்கிறோம். ஜூனில் அது 21,000 ரூபாயைத் தாண்டியது. சந்தோஷம்தான். ஆனால் செப்டம்பரோடு, இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் பிடிக்கும் பங்களிப்புக் காலம் முடிகிறது; அதற்கான பலன் காலமும் அடுத்த ஆண்டு ஜூனோடு முடிந்ததும் குடும்பத்துக்கே இ.எஸ்.ஐ. கிடையாது. இந்த 21,000 ரூபாய் 2017-ல் வைத்த சம்பள வரம்பு. பருப்பு விலை அப்படியேவா நிற்கிறது? முதல்வர் காப்பீட்டுக்கோ ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். சரி, தனியாரிடம் குடும்ப பாலிசி எடுக்கலாம், ஜி.எஸ்.டி.யும் இப்போது இல்லை. மாமியாருக்கு ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை நோய்க்குப் பணம் தர மூன்று ஆண்டு வரை காத்திருக்கச் சொல்வார்களே, அதுவரை? இ.எஸ்.ஐ.யிலிருந்து வருபவர்களுக்காவது இந்தக் காத்திருப்பை நீக்க ஒன்றிய அரசு உத்தரவிட வேண்டும்.

ஒரு வாசகி, திருப்பூர்