எட்டு பவுண்ட் கோடு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. 1.7 கிலோ பொமரேனியன் பெட்டை நாயை 1.9 கிலோ கடுவனுக்குச் சேர்க்கப்போவதாக எழுதியிருக்கிறாய். இரண்டுமே குட்டையாக இருப்பதால் ஈத்து முழுக்கக் குட்டையாக வரும் என்பது உன் கணக்கு. பழைய கென்னல்களை, அதாவது நாய் வளர்ப்பகங்களைப் பற்றியும் அதே கடிதத்தில் கேட்டிருக்கிறாய். இரண்டுக்கும் ஒரே பதில்தான்.

பொமரேனியன் இந்த அளவுக்கு வந்ததற்கு விக்டோரியா மகாராணியின் மார்கோதான் காரணம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். 1888இல் ஃப்ளாரன்ஸ் போனபோது அவர் வாங்கிய நாய் அது. எடை 12 பவுண்ட், அதாவது ஐந்தரை கிலோ. கூட வந்த ஜீனா ஏழரை பவுண்ட். 1891இல் லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் காட்சியில் அரசியின் பொமரேனியன்கள் வந்து நின்றதும் ஊரே திரும்பிப் பார்த்தது. அதே ஆண்டு இங்கிலாந்தில் பொமரேனியன் கிளப்பும் தொடங்கியது. மகாராணியால் வந்தது மோகம். அளவைக் குறைத்தது அவரல்ல, கென்னல்கள். அதற்கு முன்பு, 18ஆம் நூற்றாண்டில் சார்லட் அரசி வளர்த்தவையும் கெயின்ஸ்பரோ ஓவியங்களில் நாம் பார்ப்பவையும் இன்றைய நாயைப்போலப் பல மடங்கு பெரியவை.

அந்தக் காலத்தில் கிளப் வகுத்த கோடு 8 பவுண்ட். சுமார் 3.6 கிலோ. அதற்கு மேலே ஒரு பிரிவு, கீழே ஒரு பிரிவு. 1910 வாக்கில் கென்னல் கிளப் (எல்லா இன நாய்களையும் பதிவு செய்யும் இங்கிலாந்து அமைப்பு) அவற்றைப் பொமரேனியன், மினியேச்சர் பொமரேனியன் என்று தனித்தனியாகவே பிரித்துவிட்டது. ஐந்து பவுண்டுக்குக் குறைந்தவை அப்போதே சாதாரணமாகக் கிடைத்தன, விலையும் அவற்றுக்குத்தான் அதிகம். ஆனால் கோட்டுக்கு மேலே இருந்தவற்றை நல்ல கென்னல்கள் தள்ளிவிடவில்லை. திருமதி வேல் நிக்கோலஸ் கென்னலைப் பார். 8 பவுண்டைத் தாண்டிய நாங்கி போவும் அங்கே சாம்பியன், நாலரை பவுண்ட் சேபிள் மைட்டும் சாம்பியன்.

சேபிள் மைட் அவர் கென்னலில் பிறந்தது இல்லை என்பதையும் கவனி. அதை ஈனவைத்து வளர்த்தவர் ஹர்ஸ்ட். தந்தை லிட்டில் நிப்பர், தாய் லாரல் ஃப்ளஃபி. ஐந்தரை பவுண்ட் கறுப்பன் பில்லி டீயும் அப்படித்தான்: உரிமையாளர் வேறொருவர், ஈனவைத்து வளர்த்தவர் கேட்ஸ் அம்மையார். பழைய பெடிகிரியில், அதாவது வம்சாவளித் தாளில், சாம்பியன் பெயருக்குப் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் காட்சிக்குக் கொண்டுபோன உரிமையாளர். அந்த நாயை உண்டாக்கிய தாய் யார் வீட்டில் இருந்தாள், எத்தனை பவுண்ட் என்பது தாளில் வராது. நாம் தேட வேண்டியதோ அதைத்தான்.

கென்னல்கள் நிறம் நிறமாகப் பிரிந்து வேலை செய்தன. லிவர்பூல் பக்கத்து கேட்ஏக்கரில் ஹால் வாக்கர் அம்மையாரிடம் நிழல் சேபிள்கள் (உடல் முழுக்கப் பல நிறம் கலந்த முடி உள்ளவை): டெய்ன்டி பெல், பிபரி பெல், கேட்ஏக்கர் சேபிள் சூ. ஆரஞ்சிலும் அவர் கை வைத்தார், ஆனால் ஆரஞ்சுக்கு முதல் பெயர் டபிள்யூ. பிரவுன்தான். நீல நிறத்தை மிஸ் ஐவ்ஸும் பார்க்கர் அம்மையாரும் எடுத்துக்கொண்டார்கள். கறுப்பு மட்டும் எல்லோரிடமும் இருந்தது.

பழுப்பில் டீனா என்றொரு பெட்டை. ஐந்து பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. தன்னோடு போட்டியிட்ட எந்தப் பொமரேனியனிடமும் தோற்காதவள், மற்ற இன நாய்களையும் பல தடவை வென்றவள். தந்தை பேய்ஸ்வாட்டர் ஸ்வெல், அந்தக் காலத்துப் பெயர்பெற்ற கறுப்பன். இன்று இதை மரபணுக் கணக்கில் பார்த்தால் சுவையாக இருக்கிறது. பழுப்பு ஒடுங்கு பண்பு, தந்தையும் தாயும் ஆளுக்கு ஒன்று கொடுத்தால்தான் வெளியே வரும். அப்படியானால் அந்தக் கறுப்பன் பழுப்பை மறைத்து வைத்திருந்தான். கறுப்புக்குக் கறுப்பு சேர்த்தும் ஒரு குட்டி பழுப்பாகப் பிறந்தால் கடுவன் மாறிவிட்டது என்று சண்டைக்குப் போகிறவர்களிடம் இதைச் சொல்.

வெள்ளை மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. ஸ்காட்லாந்தில் ரோசெல் என்ற இடத்து மிஸ் ஹாமில்டன் வைத்திருந்த ராப் ஆஃப் ரோசெல், கோனிக் ஆஃப் ரோசெல் இரண்டும்தான் முழுச் சாம்பியன் ஆன முதல் வெள்ளைகள். மற்ற நிறங்கள் நான்கு, ஐந்து பவுண்டுக்கு இறங்கிய பிறகும் வெள்ளைகள் பெரும்பாலும் 8 பவுண்டுக்கு மேலேயே நின்றன, பழைய உருவத்தையும் விடவில்லை. காரணம் இதுவாக இருக்கும் என்பது என் எண்ணம்: வெள்ளையின் அளவைக் குறைக்கக் குட்டையான கறுப்பனைச் சேர்த்தால் முதல் தலைமுறை கறுப்பாகிவிடும். அந்தக் குட்டிகளைத் தங்களுக்குள் சேர்த்தால் நாலில் ஒன்றுதான் வெளிர் நிறத்துக்குத் திரும்பும், அதிலும் பல கிரீமாக நிற்கும். ஒரு படி இறங்க இரண்டு தலைமுறை. பொறுமை உள்ளவர்கள் குறைவு.

நம் தெருக்களில் ‘பாமரேனியன்’ என்று கூப்பிடுகிற ஆறேழு கிலோ வெள்ளை நாய், இந்தியன் ஸ்பிட்ஸ். பொமரேனியனுக்கும் மூலமான பழைய ஸ்பிட்ஸ் நாய்களின் வழியில் வந்து இந்த வெயிலுக்குப் பழகியது. நல்ல நாய். அதைக் குறைந்த ஜாதி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் அதையும் பொமரேனியனையும் ஒரே பெடிகிரியில் எழுதாதே.

அமெரிக்காவில் பொமரேனியன் கிளப் 1900இல் தொடங்கியது. 1911இல் நியூயார்க்கில் நடந்த முதல் தனிக் காட்சியில் 138 பதிவுகள். 1926இல் கிளென் ரோஸ் ஃப்ளாஷவே என்ற நாய் நியூயார்க்கின் வெஸ்ட்மின்ஸ்டர் காட்சியில் டாய் குரூப்பை, அதாவது மிகச் சிறிய இனங்களின் பிரிவை வென்றது, ஒரு பொமரேனியனுக்கு அதுவே முதல் தடவை.

இனி உன் ஜோடி. 1.7 கிலோ பெட்டையை ஈன விடாதே. அவ்வளவு சிறிய பெட்டைக்கு ஒன்றோ இரண்டோ குட்டிதான் தங்கும். ஒற்றைக் குட்டி வயிற்றில் இடம் தாராளமாக இருப்பதால் பெரிதாக வளரும், பொமரேனியனுக்குத் தலையும் உருண்டை, இடுப்பெலும்பு வாசலில் சிக்கிக்கொள்ளும். அப்புறம் சிசேரியன்தான். 2.5 முதல் 3 கிலோ வரை உள்ள, இடுப்பு அகலமான பெட்டைக்கு உன் கடுவனைச் சேர். முழங்கால் சில்லு நழுவுகிறதா என்று இரண்டையும் முதலில் மருத்துவரிடம் காட்டு. நழுவினால் எவ்வளவு அழகான முடி இருந்தாலும் வேண்டாம்.

சேர்த்தபின் 55ஆம் நாளுக்குப் பிறகு எக்ஸ்ரே எடு, குட்டி எத்தனை, தலை எவ்வளவு என்று தெரிந்துவிடும். கால்சியம் மாத்திரையை ஈனும் முன் கொடுக்காதே. கொடுத்தால் உடம்பு தன் எலும்பிலிருந்து எடுக்கும் வேலையை நிறுத்திவிடும், பால் சுரக்கும் நேரத்தில் பெட்டைக்கு வலிப்பு வரும். கடைசி வாரம் காலையும் மாலையும் வெப்பநிலை பார். 99 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வலி எடுக்கும். குட்டிகளைச் சமையலறைத் தராசில் தினமும் எடை போட்டு எழுது. ஒரு நாள் ஏறாவிட்டால் கவனி, இறங்கினால் அன்றே மருத்துவர். பால் மறந்தபின் மூன்று நான்கு மணிக்கு ஒரு தரம் தீனி வேண்டும். தவறினால் சர்க்கரை இறங்கித் தள்ளாடி விழும். அப்போது முதலில் ஈறில் தேன் தடவு, பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடு.

கடுவனின் தாயும் இரண்டு பாட்டிகளும் எத்தனை கிலோ, என்ன நிறம், எத்தனை ஈத்து தானாக ஈன்றார்கள் என்று விற்றவரிடம் கேட்டு எழுது. தாத்தாக்களின் கோப்பைகளை அவர் சொல்லத் தொடங்கினால், கேட்டுவிட்டு மறுபடியும் பாட்டியிடமே வா.

அன்புடன்,
உன் பழைய நண்பன்