கயிறில்லாத மேடையில் அம்பா பாட்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போலந்து நாட்டின் தென்கோடியில், தாத்ரா மலையடிவாரத்தில் உள்ள சாக்கோபானே நகரில் 1968 முதல் நடந்துவரும் பன்னாட்டு மலைநாட்டார் கலை விழாவைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இராமநாதபுரம் கடற்கரையில் பனையும் உடைமரமும் மணல்மேடும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு மலையோடு உறவில்லை. ஆனாலும் அவ்விழாவின் நடைமுறை ஒன்றை நம் மாவட்டத்தில் கலை விழா நடத்துவோர் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அங்கே போட்டிக்கு வரும் குழுக்கள் அனைத்தையும் ஒரே தராசில் நிறுப்பதில்லை. வழிவழியாகப் பாடி ஆடிவருவதை அப்படியே கொண்டுவருவோர், அதை மேடைக்கேற்பச் செம்மைப்படுத்தியோர், அதைத் தழுவிப் புதிதாக அமைத்துக்கொண்டோர் என மூன்றாகப் பிரித்தே மதிப்பிடுகிறார்கள். வெல்வோருக்குத் தரும் பரிசும் வெறும் கோப்பையன்று. அம்மலையின் ஆட்டிடையர்கள் ஊன்றுகோலாகவும் கருவியாகவும் கையில் வைத்திருந்த, ‘சுபாகா’ எனப்படும் நீண்ட காம்புள்ள சிறு கோடரியின் வடிவம். அந்தக் கோடரியை ஏந்தித்தான் அவ்வூர் ஆண்கள் வட்டமாக நின்று ஆடுகிறார்கள். உழைப்பில் கூட வந்த பொருள் ஆட்டத்துக்கும் கூட வருகிறது என்பது என் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது.

சென்ற ஆண்டு எங்கள் பகுதியில் நடந்த ஒரு கலை விழாவில், கரைவலை இழுத்தே வாழ்நாளைக் கழித்த பெரியவர்கள் ஆறு பேரை, வலை இழுக்கும்போது பாடும் அம்பா பாட்டைப் பாட அழைத்திருந்தார்கள். மைக்குக்கு முன்னால் வரிசையாக நிறுத்திப் பாடச் சொன்னார்கள். முன்பாட்டுக்காரருக்கு முதலடி வந்தது. அடுத்த அடி வரவில்லை. அவருடைய கைகள் இரண்டும் எதையோ தேடுவதுபோல இடுப்பளவில் மூடி மூடித் திறந்தன. பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முறுக்கி, ஒரு முனையைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்து இழுக்கச் சொன்னார். ‘ஏலேலோ’ என்று பின்பாட்டு எழுந்தது. அதன்பின் பாட்டு தடையில்லாமல் வந்தது. மீன் சேரும் வலையின் பையான மடி கரையை நெருங்கும்போது பாட்டும் வேகம் பிடிக்கும். அந்த இடத்துக்கு அவர்கள் வருவதற்குள், ஒதுக்கிய ஐந்து நிமிடம் முடிந்துவிட்டதென்று மைக்கை நிறுத்திவிட்டு, அடுத்த குழுவின் ஆட்டத்துக்காகப் பதிவுசெய்த இசையைப் போட்டுவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், நன்றாகவே ஆடினார்கள்.

வள்ளத்தில் சென்று வலையை அரைவட்டமாக வளைத்துவிட்டுக் கரையில் நின்று இரண்டு அணியாக இரண்டு கயிற்றையும் இழுக்கும்போது, இரு பக்கமும் சீராக வராவிட்டால் மீன் தப்பிவிடும். மணிக்கணக்கில் நீளும் அந்த இழுப்பில் கைகளைச் சேர்த்து வைத்தது அம்பா பாட்டுதான். இயந்திரப் படகுகள் பெருகிய பிறகு பாட்டுக் கேட்கும் கரைகள் குறைந்துவிட்டன. 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இன்றும் கரைவலை இழுப்பதைக் காணலாம்.

ஆகவே, அரசு சார்பில் நடக்கும் விழாக்களிலாவது வழிவழிப் பாட்டுக்கென ஒரு தனிப் பிரிவு வேண்டும். அதை மதிப்பிடும் குழுவில் அந்தத் தொழில் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும். பாட்டுக்கு எவ்வளவு நேரம் தேவையோ அவ்வளவு நேரம் தர வேண்டும். முடிந்தால் மேடையே வேண்டாம். வலை இழுக்கும் கரையிலேயே மக்களைக் கூட்டிக் கேட்கச் செய்யலாம். கலை பண்பாட்டுத் துறை இப்பாடல்களை முழுமையாகப் பதிவுசெய்து, பாடியவர் பெயரோடு பாதுகாத்து, அவர்கள் குடும்பத்துக்கும் ஒரு படி கொடுக்க வேண்டும்.

அந்த ஆறு பேரில் ஒருவர் கடந்த ஆடியில் காலமாகிவிட்டார். மற்ற ஐவருக்கும் இன்னும் குரல் இருக்கிறது. பதிவு செய்ய யாரேனும் வந்தால், கயிற்றை நாங்கள் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.